முடிச்சூருக்குச் சுனாமி வரவில்லை, மாமா

முடிச்சூர்,
வெள்ளிக்கிழமை.

அன்பும் மரியாதையும் நிறைந்த வில்பிரட் மாமா அவர்களுக்கு, தங்கள் தங்கை தபீதாளின் மகன் ஸ்டெபின் எழுதிக்கொள்வது. முதலில் ஸ்தோத்திரம். (எழுதாமல் விட்டிருப்பேன், அடுக்களையிலிருந்து "ஸ்தோத்திரம் போட்டியாடா?" என்று குரல் வந்துவிட்டது.) தேவகிருபையால் இங்கே அம்மா சுகம், நான் சுகம், மீன் சுகம். அங்கே தாங்களும் ஜான்சி அத்தையும் சுகமாகத்தான் இருப்பீர்கள். ஐந்தாவது மாடியில் இருப்பவர்களுக்கு என்ன குறை?

முடிச்சூரிலிருந்து பெருங்களத்தூருக்கு ஒரு கடிதமா என்று கேட்பீர்கள். போன் செய்தால் நீங்கள்தான் பேசுவீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படிக்காமலே கை கூப்பிய படம் ஒன்று வரும். நேரில் வந்தால் அத்தை தோசை சுடுவார், நீங்கள் புத்தி சொல்வீர்கள், நான் வாய் நிறைய தோசையோடு எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிடுவேன். ஆகவே இதை உங்கள் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு மேலே ஏறாமல் திரும்பிவிடுவதாக முடிவு செய்திருக்கிறேன்.

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வீடு வாங்க வருகிற அந்தச் சுகுமார் சாரை எங்கள் வீட்டுக்குக் கூட்டிவர வேண்டாம். வீடு விற்பனைக்கு இல்லை. அம்மா உங்களிடம் "அண்ணன் சொன்னா சரிதான்" என்று சொன்னதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டீர்கள். போன கிறிஸ்துமஸுக்கு நீங்கள் கொண்டுவந்த கேக்கைப் பற்றியும் அம்மா அதையேதான் சொன்னார். அந்தக் கேக் முழுசாகப் பக்கத்து வீட்டுக் கனகவல்லி அக்காவிடம் போய்ச் சேர்ந்தது. அப்பா கட்டிய வீடு என்று நான் சென்டிமென்ட் பேச மாட்டேன். அப்பாவே இந்த வீட்டின் பிளம்பிங்கைச் சாகும்வரை திட்டியவர். நான் சொல்வது தொழில்நுட்பக் காரணம். ஹாலில் நாலடி நீளத்துக்கு ஒரு கடல் இருக்கிறது. அதை இப்போது நகர்த்த முடியாது.

நீங்கள் இன்னும் அதைப் பார்க்கவில்லை, கேள்விப்பட்டதோடு சரி, அதனால் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். கடையில் வாங்கும் மீன்தொட்டி இல்லை இது. கண்ணாடி மட்டும் வெட்டி வாங்கி, ஸ்டாண்டு நானே வெல்டிங் செய்து, மேலே மீனுக்கு ஒரு தொட்டி, கீழே தண்ணீரைச் சுத்தம் செய்ய ஒரு தொட்டி, இரண்டுக்கும் நடுவில் இரவும் பகலும் ஓடும் பம்ப், எல்லாம் என் டிசைன். கண்ணாடியை ஏற்றி வந்த லோடு ஆட்டோ சவுரிமுத்து அண்ணன் இறக்கி வைத்துவிட்டு, "இன்னா தம்பி இது?" என்றார். கடல் என்றேன். "கடலு கோவளத்துல சும்மாவே கீது, நீ இன்னாத்துக்கு வூட்டுக்குள்ள கட்டிகினு கீற?" என்றார். சிறுசேரி ஐ.டி. கம்பெனியில் நாள் முழுக்க மற்றவர்கள் செய்த தப்பை ஸ்கிரீனில் பார்க்கிற ஒருவன், சாயங்காலம் சொந்தமாக ஒன்றைச் செய்து பார்க்க நினைத்தால் அதை எந்த ஆட்டோ டிரைவருக்கும் விளக்க முடியாது. மாமாவுக்கும் முடியாது.

முதல் இடி பாறையில் விழுந்தது. கடலிலிருந்து பவளப்பாறை எடுப்பது சட்டப்படி குற்றம் என்பதால் சிமெண்டையும் கல்லுப்பையும் கலந்து நானே பாறை வார்த்தேன். அதைத் தண்ணீரில் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி, மறுபடி ஊறப்போட்டு, மொட்டை மாடியில் காயவைத்திருந்தேன். மழைக்காலம் வரும்போது முடிச்சூர்க்காரர்களின் கண் எங்கே இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். உடைகல் கண்ணில் பட்டால் வாசலில் போட்டுவிடுவார்கள், சேற்றில் கால் வைத்து நடக்க. நான் ஆபீஸ் முடிந்து வரும்போது என் பவளப்பாறை முழுவதும் எங்கள் கேட்டிலிருந்து கனகவல்லி அக்கா கேட் வரை வரிசையாகக் கிடந்தது. அதன்மேல் அக்கா பால் பாக்கெட்டோடு தாண்டித் தாண்டி வந்துகொண்டிருந்தார். "உங்கம்மாதான் தம்பி போட்டாங்க, ரொம்ப வசதியா இருக்குப்பா, இன்னும் நாலு இருந்தா முனை வரைக்கும் வந்துரும்" என்றார். அவர் தாண்டத் தாண்ட நான் பின்னாலேயே பொறுக்கிக்கொண்டு வந்தேன்.

அடுத்தது காத்திருப்பது. எனக்கு லிப்ட் வரும் வரை நிற்கவே பொறுமை கிடையாது, தெரியுமே. இந்தத் தொட்டியில் உப்புத் தண்ணீரும் பாறையும் போட்டுவிட்டு, அழுக்கைத் தின்னும் பாக்டீரியா அதில் தானாகப் பெருகும் வரை வாரக்கணக்கில் மீன் விடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். வீட்டு ஜெபத்துக்கு வந்த சபைப் பெண்கள் எல்லாரும் நீல வெளிச்சத்தில் வெறும் கல்லைப் பார்த்துவிட்டு "மீன் எங்க சிஸ்டர்?" என்று கேட்டார்கள். அம்மா, "மீன் இல்ல. பாக்டீரியா வளர்க்கிறான்" என்றார், மகன் குடிக்கிறான் என்று சொல்லும் குரலில். அதற்காகத் தனியாக ஒரு ஜெபம் நடந்தது. எனக்காகவா பாக்டீரியாவுக்காகவா என்று நான் கேட்கவில்லை. நடுவில் அம்மா தொட்டித் தண்ணீரை உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, "இன்னும் ஒரு கை உப்பு போடலாம்டா" என்றார். ரசம் இல்லம்மா என்று டப்பாவைப் பிடுங்கிப் பரணில் வைத்தேன்.

இனி வருவதை நிதானமாகப் படிக்கவும். இதனால்தான் நீங்கள் சுகுமாரைத் தேடிப் பிடித்தீர்கள்.

2015 வெள்ளத்தில் அடையாறு பொங்கி இந்த ஹாலில் இடுப்பு வரைக்கும் தண்ணீர் நின்றதும், அம்மாவைப் படகில் கொண்டுபோனதும் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அன்றிலிருந்து வானத்தில் ஒரு சொட்டு விழுந்தால் போதும், அம்மா மெயின் சுவிட்சை அணைப்பார். பிறகு சிலிண்டர் கட்டிலுக்கு ஏறும், அரிசி மூட்டை பரணுக்கு ஏறும், வீட்டுப் பத்திரம் பிஸ்கட் டின்னுக்குள் போகும். தெரு முழுக்க இப்படித்தான், ஆகவே யாரும் யாரையும் பார்த்துச் சிரிப்பதில்லை. போன மாதம் நான் சிறுசேரியில் இருந்தபோது தூறல் போட்டது. காயப்போட்ட துணிகூட நனையாத தூறல். அம்மா மெயினை அணைத்தார். பம்ப் நின்றது. பம்ப் நின்றால் மேல்தொட்டித் தண்ணீர் அதே குழாய் வழியாகத் திரும்பிக் கீழே இறங்கும். அதைத் தடுக்கக் குழாயில் நீர்மட்டத்தை ஒட்டி ஒரு சின்ன ஓட்டை போட வேண்டும். மட்டம் இறங்கியதும் ஓட்டை வழியாகக் காற்று புகுந்து ஓட்டம் அறுந்துவிடும். டிசைனில் அந்த ஓட்டை இருந்தது. குழாயில் இல்லை. டிரில் பிட் உடைந்ததால் நாளைக்குப் போடலாம் என்று விட்டிருந்தேன், அவ்வளவுதான். கீழ்த்தொட்டி நிரம்பி, வழிந்து, ஹால் முழுக்கப் பரவியது. பரணிலிருந்து இறங்கிய அம்மா தண்ணீரில் கால் வைத்தார்.

அவர் போட்ட சத்தத்தில் கனகவல்லி அக்கா வாளியோடு ஓடிவந்திருக்கிறார். இறைக்கும்போது தண்ணீர் வாயில் தெறித்திருக்கிறது. "தபீதாக்கா, உப்பு கரிக்குது! இது ஆத்துத் தண்ணி இல்ல, கடல் தண்ணி!" என்று தெருவுக்கு ஓடிவிட்டார். முடிச்சூருக்குச் சுனாமி வந்தது இப்படித்தான். இரண்டு பேர் காரை எடுத்துக்கொண்டு பெருங்களத்தூர் மேம்பாலத்தில் நிறுத்தப் போய்விட்டார்கள். சவுரிமுத்து அண்ணன் ஒருவர்தான், "கடலு இங்க வந்துகீதுன்னா நடுவுல மேடவாக்கம் இன்னாமே ஆச்சு?" என்று கேட்டாராம், யாரும் காதில் வாங்கவில்லை. அதற்குள் அம்மா குடும்ப குரூப்பில் "தண்ணி உள்ள வந்துருச்சு, ஜெபம் பண்ணிக்கோங்க" என்று பேசி அனுப்ப, நீங்கள் "நான் அப்பவே சொன்னேன்" என்று பதில் அனுப்பினீர்கள். சாயங்காலத்துக்குள் சுகுமாரும் தயார்.

வந்தது மொத்தம் நாலு வாளித் தண்ணீர், மாமா. அடையாறு இல்லை, என் குழாய். இதை அம்மாவிடம் அன்றே சொன்னேன். அம்மா ஈரத் துணியைப் பிழிந்துகொண்டே, "எங்கேருந்து வந்தா என்னடா, கால் நனைஞ்சுதுல்ல" என்றார். அதன்பிறகுதான் உங்களிடம் அந்த "அண்ணன் சொன்னா சரிதான்".

மறுநாள் லீவு போட்டு ஓட்டையைப் போட்டேன். பிறகு அம்மாவைத் தொட்டி முன்னால் நாற்காலி போட்டு உட்காரவைத்து மெயினை அணைத்தேன். தண்ணீர் இறங்கியது. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். விரல் அகலம் இறங்கி, குழாயில் ஒரு உறிஞ்சல் சத்தம் வந்து, நின்றுவிட்டது. கீழ்த்தொட்டியில் ஒரு சாண் இடம் மிச்சமிருந்தது.

"இதுக்குக் கீழ போகாதா?"

"போகாது."

"சத்தியமா?"

"சத்தியம் பண்ணக் கூடாதுன்னு சண்டே ஸ்கூல்ல சொல்லிக்கொடுத்தது நீங்கதான். இது பிசிக்ஸ்."

அம்மா எழுந்து போய் மெயினைத் தானே போட்டார், தானே அணைத்தார், ஓடிவந்து பார்த்தார். மறுபடியும் போய் அணைத்தார். எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. ஒவ்வொரு தடவையும் அதே கோட்டில் வந்து நின்றது. வேடிக்கை பார்க்க வந்த கனகவல்லி அக்கா நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அந்தக் கோட்டில் ஒட்டி, "இதுக்குக் கீழ இறங்குச்சுன்னா என்னைக் கூப்பிடுங்கக்கா" என்றார். அம்மா ஒட்டவிட்டார். இன்னும் எடுக்கவில்லை. அன்று கடைசியாக ஒரு தடவை அணைத்துப் பார்த்துவிட்டு, "நிக்குதுடா" என்றார். தண்ணீர் ஒரு இடத்தில் நிற்கும் என்று அம்மா நம்பி நான் பார்த்தது அன்றுதான்.

இப்போது கீழ்க்கட்டளையில் ஒருவர் தன் தொட்டியிலேயே வளர்த்துக் கொடுத்த மென்பவளம் ஒன்று விரல் விரித்திருக்கிறது. ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் ஒன்று அதற்குள் குடியிருக்கிறது. பின்பக்கச் சாக்கடைக் குழாயிலும் தண்ணீர் உள்ளே திரும்பி வராதபடி வால்வு போட்டுவிட்டேன். மழையை என்னால் நிறுத்த முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அம்மா பயத்தில் கையெழுத்துப் போட்டு, உங்கள் ஐந்தாவது மாடிக்கு வந்து, அங்கேயும் தூறலுக்கு அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றப்போகிறார் என்றால் அந்த விற்பனையால் யாருக்கு லாபம்? ஆகவே வர வேண்டாம். கோபம் வந்தால் கடிதத்திலேயே திட்டவும்.

ஜான்சி அத்தைக்கு என் அன்பு. உங்கள் முழங்கால் வலிக்கு அம்மாவும், எதற்கும் இருக்கட்டும் என்று கனகவல்லி அக்காவும் அவரவர் சாமியிடம் வேண்டிக்கொண்டிருக்கிறார்கள். கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக. இந்த ஞாயிறு வரத்தை மட்டும் நிறுத்தி வைப்பாராக.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள மருமகன்,
ஸ்டெபின்

பி.கு.: எழுத்துப்பிழை பார்க்கிறேன் என்று அம்மா இதை வாங்கி முழுதும் படித்துவிட்டுச் சிரிக்கிறார். வீடு விற்கவில்லை என்று புதன்கிழமையே உங்களிடம் போனில் சொல்லிவிட்டாராம், நீங்களும் "தபீதா சொன்னா சரிதான்" என்றீர்களாம். சுகுமார் சார் வருவது தொட்டியைப் பார்க்கவாம். அவர் வீட்டுக்கு ஒன்றும், உங்கள் ஐந்தாவது மாடிக்கு ஒன்றும் நான் கட்டித்தருவேன் என்று அம்மா வாக்குக் கொடுத்துவிட்டாராம். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. ஆகவே மேலே எழுதியது எதையும் பொருட்படுத்தாமல் ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வரவும். எழுதியதைக் கிழிக்க மனம் வராததால் அனுப்புகிறேன். வெளியே தூறுகிறது. அம்மா மெயினை அணைத்துவிட்டார். பயம் இல்லையாம், சுகுமாருக்குக் காட்ட ஒத்திகையாம். சிலிண்டர் தரையில்தான் இருக்கிறது. தண்ணீர் பொட்டுக்கு நேராக நிற்கிறது.