ஒரு ஸ்பூன் பாயசம்

"சுமா வர்றா. கையில தூக்குச்சட்டி," என்றார் தங்கதுரை, ஜன்னலை விட்டு நகராமலே.

செல்வலட்சுமி கையிலிருந்த மருந்து மூடியைப் புருஷனிடம் நீட்டினாள். இருமல் மருந்துப் புட்டியின் தலையில் இருக்குமே, அந்த மூடிதான். அதற்குள் வடிகட்டிய பருப்புத் தண்ணீர். தங்கதுரை அதை மடக்கென்று வாயில் ஊற்றிக்கொண்டு மூடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவருக்கு அது தொண்டையைக்கூட நனைக்கவில்லை. அவளுக்கு அது காலைச் சாப்பாட்டில் பாதி.

எர்ணாகுளத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் அவளுடைய இரைப்பையை முட்டை அளவுக்குச் சுருக்கி, குடலை மாற்றித் தைத்து வீட்டுக்கு அனுப்பிச் சில நாட்கள்தான் ஆகியிருந்தன. உடம்பு இளைக்கச் செய்கிற ஆபரேஷன். சர்க்கரையும் மூட்டுவலியும் சேர்ந்து அவளை நாற்காலியோடு கட்டிப்போட்டுவிட்டதால் டாக்டரே சொல்லிச் செய்தது. ஆனால் மட்டாஞ்சேரியில் அவர்கள் குடியிருக்கும் லைன் வீட்டில் இது யாருக்கும் தெரியாது. கேட்டவர்களுக்கெல்லாம் குடல் புண் என்று சொல்லி வைத்திருந்தார்கள்.

ஏன் இந்த மறைப்பு என்றால், அதற்கு ஒரு ஆயுள்காலக் கதை இருக்கிறது. படகுத்துறையில் போட்டில் ஏறினால், "சேச்சி, நடுவுல இரிக்கணும், இல்லன்னா போட்டு சாயும்," என்று டிக்கெட் கிழிப்பவன் சொல்வான். போட்டே சிரிக்கும். எல்லோருக்கும் முன்னால் செல்வலட்சுமி சிரித்துவிடுவாள். முந்திக்கொண்டு சிரித்துவிட்டால் வலிக்காது என்று சின்ன வயதிலேயே கற்றுக்கொண்டிருந்தாள். சுக்குக் கிடங்கில் அவளோடு வேலை செய்கிற பெண்களும் அப்படித்தான். நல்லவர்கள்தான், ஆனால் வாய் சும்மா இருக்காது. வாயைக் கட்டத் தெரியாமல் வயிற்றை வெட்டிக்கொண்டாள் என்று ஒரு பேச்சு கிளம்பினால், சாகிற வரைக்கும் அது கூடவே வரும். இனிமேலாவது யாருக்கும் சிரிப்புப் பொருளாக இருக்கக்கூடாது என்பதற்காகத்தானே அவள் அந்த ஆபரேஷன் மேஜையில் போய்ப் படுத்ததே.

பக்கத்து வீட்டுச் சுமா உள்ளே வந்து தூக்குச்சட்டியைத் திறந்தாள். கப்பை என்கிற மரவள்ளிக்கிழங்கும் கொழுவை மீன் கறியும். வாசனை அறை முழுக்கப் பரவியது.

"குடல் புண்ணுக்குக் காரம் ஆகாதுன்னு எனக்குத் தெரியும் சேச்சி. அதான் மொளகாய் போடல. நல்ல மொளகு மட்டும் போட்டேன்," என்றாள் சுமா, பெரிய விட்டுக்கொடுத்தல் செய்தவளைப் போல.

அப்புறமாகச் சாப்பிடுகிறேன் என்று சொல்லிச் சமாளித்து அனுப்பினார்கள். அவள் தலை மறைந்ததும் தங்கதுரை தட்டை எடுத்தார். திருப்பிக் கொடுத்தால் சுமா வருத்தப்படுவாள், வீணாகப் போட்டால் பாவம், எனவே தான் சாப்பிடுவதுதான் நியாயம் என்று விளக்கமும் கொடுத்தார். விளக்கம் சொல்லும்போதே பாதிக் கப்பை போய்விட்டது.

செல்வலட்சுமி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பசி என்பது உடம்பை விட்டே போய்விட்டது, அது உண்மை. ஆனால் ஆசை போகவில்லை. ஆபரேஷன் செய்தவர்கள் வயிற்றில் கத்தி வைத்தார்களே தவிர, நாக்கை அப்படியே விட்டுவிட்டார்கள். தண்ணீர்கூட மடமடவென்று குடிக்க முடியாது. ஒரு வாய் கூடினால் நெஞ்சில் கல் வைத்தது போல அடைக்கும். சந்தோஷம் வந்தாலும் துக்கம் வந்தாலும் ஒரு தட்டு சோற்றோடு உட்கார்ந்தே பழகியவளுக்கு இப்போது எதனோடு உட்காருவது என்று தெரியவில்லை. நல்லாத்தானே இருந்தேன், ஏன் இப்படிச் செய்துகொண்டேன் என்று தினம் ஒரு தடவையாவது அழுதாள்.

மாலையில் தூக்குச்சட்டி காலியாகத் திரும்பிப் போனது. தப்பு அங்கேதான் நடந்தது.

சேச்சி நன்றாகச் சாப்பிடுகிறாள் என்று சுமா லைன் முழுக்கச் சொல்லிவிட்டாள். அடுத்த நாளிலிருந்து வாசலில் பாத்திரம் ஓயவில்லை. ஒரு வீட்டிலிருந்து ஆட்டுக்கால் சூப், இன்னொரு வீட்டிலிருந்து புட்டும் கடலையும், அடுத்த சந்திலிருந்து பத்திரி என்கிற அரிசி ரொட்டியும் கோழிக்கறியும். தங்கதுரை கடமை தவறாதவர். சட்டையின் நடுப்பொத்தான் மாட்ட மறுக்கிற வரைக்கும் உழைத்தார். பெண்டாட்டிக்கு சோப்புக்கட்டி மாதிரி எடை கரைந்தது. அது அப்படியே இவர் இடுப்புக்கு வந்து சேர்ந்தது.

"இதுக்கு மேல என்னால ஆகாது லட்சுமி," என்று ஒரு காலையில் அவரே கையைத் தூக்கிவிட்டார். அவருக்குச் சரக்கு ஆட்டோ ஓட்டுகிற வேலை. கிடங்குகளிலிருந்து மிளகும் சுக்கும் ஏற்றிக்கொண்டு எர்ணாகுளம் பிராட்வே சந்தைக்குப் போய் வருவார். வருகிற சாப்பாட்டை இனிமேல் அங்கே கொண்டுபோய், கூட லோடு ஏற்றுகிற ஆட்களுக்குக் கொடுத்துவிடலாம் என்று யோசனை சொன்னார். நல்ல யோசனையாகத்தான் பட்டது.

மதியம் பிராட்வேயில் சரக்கு இறக்கிவிட்டு, அடுக்குப் பாத்திரத்தைத் திறந்து, கூட லோடு ஏற்றுகிற யூசுப்பின் முன்னால் வைத்தார். யூசுப் பத்திரியைப் பார்த்தான். கோழிக்கறியைப் பார்த்தான். பாத்திரத்தை மெல்லத் தூக்கி அடியைப் பார்த்தான். அங்கே அவன் பெண்டாட்டியின் பெயர் புள்ளி புள்ளியாகப் பொறித்திருந்தது.

"இது எங்க வீட்டுக் கோழி அல்லே, தொரையண்ணா? காலையில ஒரு துண்டு கேட்டதுக்கு, சேச்சிக்குன்னு சொல்லி என் கையைத் தட்டிவிட்டா."

தங்கதுரை மாட்டிக்கொண்டார். அவசரத்துக்கு ஒரு பொய் வேண்டும். வந்ததைச் சொன்னார்.

"அவ விரதம் யூசுப்பே. அம்மனுக்கு வேண்டுதல். தண்ணி ஆகாரம் மட்டும்தான்."

"அப்ப குடல் புண்ணு?"

"அதுக்குத்தான் வேண்டுதலே."

நோன்பின் அருமை தெரிந்தவன் யூசுப். மறுபேச்சுப் பேசாமல், பெண்டாட்டி தர மறுத்த கோழியை மரியாதையோடு சாப்பிட்டு முடித்தான். வீட்டுக்குப் போய் பெண்டாட்டியிடம் சொன்னான். அவள் சுமாவிடம் சொன்னாள். சுமாவிடம் சொன்ன பிறகு வேறு யாரிடமும் தனியாகச் சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை.

பாத்திரங்கள் நின்றன. செல்வலட்சுமிக்கு அப்பாடா என்றிருந்தது. ஆனால் வருகிறவர்கள் வாசலிலேயே செருப்பைக் கழற்ற ஆரம்பித்திருந்ததை அவள் முதலில் கவனிக்கவில்லை. கட்டிலில் உட்காரச் சொன்னால் தரையில் உட்கார்ந்தார்கள். உடம்பு பாதியாகிவிட்டதே, தவம் என்றால் இதல்லவா தவம் என்று மெல்லிய குரலில் பேசிக்கொண்டார்கள். முப்பது வருஷமாக அவள் உடம்பைப் பார்த்துச் சிரித்த கண்கள் இப்போது அதே உடம்பைப் பார்த்துக் கலங்கின. அவளுக்குக் கூச்சமாக இருந்தது. கொஞ்சம் பிடித்தும் இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

வெள்ளிக்கிழமை சுமாவும் நாலைந்து பெண்களும் சந்து முனை மாரியம்மன் கோயிலிலிருந்து நேராக வந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள் அந்தக் காலத்தில் கட்டிய சின்னக் கோயில் அது. கையில் பாயசம், வெல்லம் போட்டது. விரதத்துக்குப் பிரசாதம் விலக்கில்லை என்று சுமா தீர்ப்புச் சொன்னாள்.

இனிப்பு பட்டால் படபடக்கும், வேர்க்கும், உடம்பு நடுங்கும், அந்தப் பக்கமே போகாதீர்கள் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஆனால் அம்மன் பிரசாதத்தை எந்த வாயால் வேண்டாம் என்று சொல்வது? அதுவும் அம்மன் பெயரைச் சொல்லிப் பொய் சொன்ன வாயால்? ஒரு ஸ்பூன்தானே என்று விழுங்கினாள்.

பேசிக்கொண்டே இருக்கும்போது வந்தது. முதலில் வேர்வை. பிறகு நெஞ்சு தடதடவென்று அடித்தது. கை நடுங்கி, தோள் நடுங்கி, தலை தானாக ஆடியது. கட்டிலின் சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கட்டிலும் சேர்ந்து ஆடியது.

யாரோ ஒருத்தி குலவை இட்டாள். வேப்பிலைக் கொத்து கைக்கு வந்தது. சுமா தரையில் விழுந்து கும்பிட்டுவிட்டுக் கேட்டாள்: "அம்மா, இடக்கொச்சியில ஒரு வீடு பாத்திருக்கோம். மாறலாமா?"

செல்வலட்சுமிக்கு வீடும் காதில் விழவில்லை, இடக்கொச்சியும் விழவில்லை. தலைதான் சுற்றியது. "படுக்கணும்... விட்டுடுங்க," என்று முனகினாள்.

விட்டுவிடச் சொல்லி அம்மன் உத்தரவாகிவிட்டது என்று சுமா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அதோடு போயிருந்தால் தொலைகிறது என்று விட்டிருக்கலாம். அந்த வாரமே காயலில் நீர் ஏறி, இடக்கொச்சியில் சுமா பார்த்து வைத்திருந்த வீட்டின் அடுப்படி வரைக்கும் உப்புத்தண்ணீர் வந்துவிட்டது. சுமா கண்ணீரோடு வந்து காலைத் தொட்டாள். அவளுக்குப் பின்னால் வாசல் வரைக்கும் ஆட்கள். மகள் கல்யாணம், துபாய் விசா, தொலைந்துபோன மூக்குத்தி என்று ஆளுக்கு ஒரு கேள்வி வைத்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு கிண்ணம் பாயசமும் வைத்திருந்தார்கள்.

செல்வலட்சுமி உடம்பு சரியில்லை என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். அம்மன் சோதிக்கிறாள் என்று வெளியே காத்திருந்தார்கள்.

"எல்லாரையும் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிடட்டுமா?" என்று புருஷனைக் கேட்டாள்.

"இப்பச் சொன்னா சிரிக்க மாட்டாங்க லட்சுமி. அடிப்பாங்க," என்றார் தங்கதுரை.

அதுவும் சரிதான். முன்னால் சொல்லியிருந்தால் கேலியோடு போயிருக்கும். இப்போது சாமி பெயரில் ஏமாற்றியவள் என்றாகும். ஊரை விடுங்கள், அம்மனுக்கு என்ன பதில் சொல்வது? அன்றெல்லாம் மூடித் தண்ணீர்கூட அவளுக்கு இறங்கவில்லை. டாக்டர் உள்ளே தைத்த தையலை விட இந்தப் பொய்தான் அதிகமாகக் குத்தியது.

மறுநாள் வந்த செய்தி, மிச்சமிருந்த அந்த முட்டையளவு வயிற்றிலும் புளியைக் கரைத்தது. மாயம்மாள் வருகிறாளாம்.

மாயம்மாள் யார் என்றால், அந்தக் கோயிலில் அருள்வாக்குச் சொல்கிறவள். சில வருஷங்களுக்கு முன் கோயம்புத்தூரிலிருந்து வந்தவள். வெள்ளிதோறும் பூஜை முடிந்து நைவேத்தியம் வாங்கிக்கொண்ட சற்று நேரத்தில் அவள் மேல் அம்மன் இறங்குவாள். ஒடிசலான உடம்பு, அதிராத பேச்சு. கும்பளங்கியிலிருந்துகூட அவளிடம் வாக்குக் கேட்க வருவார்கள். அப்படிப்பட்டவள் இருக்கிற சந்தில் இன்னொருத்திக்கு அருள் வருகிறதென்றால், பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாளா? உண்மையான அருள் பொய்யான அருளை ஒரு பார்வையிலேயே கண்டுபிடித்துவிடும் என்று சுமா வேறு உற்சாகமாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

தங்கதுரைக்குத் திடீரென்று பிராட்வேயில் அவசர லோடு வந்துவிட்டது.

மாயம்மாள் வந்தாள். வாசலில் நின்ற கூட்டம் தானாக வழிவிட்டது. எல்லோரையும் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே வந்து கதவைத் தாழிட்டாள். கட்டிலுக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, செல்வலட்சுமியைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

கேட்டிருந்தால்கூட செல்வலட்சுமி ஏதாவது சமாளித்திருப்பாள். கேட்காததால்தான் உடைந்துபோனாள்.

"எனக்கு அருளும் இல்ல, ஒண்ணும் இல்ல அக்கா," என்று அழ ஆரம்பித்தாள். "உடம்பு எளைக்கிறதுக்கு வயித்தை வெட்டித் தச்சிருக்காங்க. இனிப்பு பட்டா இப்படித்தான் ஆடும்னு டாக்டர் சொன்னாரு. ஊரு சிரிக்குமேன்னு மறைச்சேன். மறைச்சது எங்கெங்கயோ போயிடுச்சு. நீங்க அம்மன்கிட்ட பேசறவங்க. எனக்காக ஒரு வார்த்தை மன்னிப்புக் கேளுங்க."

போட்டில் நடுவில் உட்காரச் சொன்னதிலிருந்து, முந்திக்கொண்டு சிரித்த சிரிப்புகள், சுவரைப் பார்த்து அழுத அழுகைகள் வரை, யாரிடமும் சொல்லாத அத்தனையையும் சொன்னாள். சொல்லி முடித்தபோது நெஞ்சில் இருந்த அடைப்பு கொஞ்சம் இறங்கியிருந்தது. இனி என்ன வந்தாலும் வரட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டாள். வெளியே போய்க் கூட்டத்திடம் மாயம்மாள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்த லைனில் அவளால் தலைகாட்ட முடியாது.

மாயம்மாள் எழுந்து கதவுப் பக்கம் போனாள். தாழ் சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, இந்தத் தடவை ஸ்டூலில் அல்ல, கட்டிலிலேயே அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். முந்தானையால் அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"அழாத. எனக்கும் கோயமுத்தூர்ல அதே ஆபரேஷன்தான் செஞ்சாங்க," என்றாள் மெதுவாக. "வெள்ளிக்கிழமை எனக்கு இருக்கட்டும், நீ செவ்வாய்க்கிழமையை எடுத்துக்க."