ஆட்டுத்தொடைக்கு ஐந்தரை

காலையிலிருந்து ஆட்டுக் கம்பளியைத் தரம் பிரிக்கும் மேசை முன்னால் நின்ற இடுப்பு, இனி ஒரு நிமிடம்கூட முடியாது என்று நைரியிடம் சண்டை போட்டது. அவளோ இன்னும் நின்றுகொண்டிருந்தாள். ரக்பி கிளப் மண்டபத்திலிருந்து கார்கள் நிற்கும் இடம் வரைக்கும் வரிசை. ஓட்டுப் போடக்கூட இந்த ஊர் இப்படித் திரண்டதில்லை.

உள்ளே கிளைவ் லாட்டிமர். போன வருஷம்வரை பழைய டிராக்டர் விற்றவர். இப்போது 'அதிர்வு வைத்தியர்'. நூலில் கட்டிய கூழாங்கல்லை உங்கள் கைக்கு மேலே பிடிப்பார். கல் ஆடும். ஊசி குத்தாமலே சர்க்கரை எவ்வளவு என்று சொல்லிவிடுவார். பிறகு தொண்ணூறு டாலருக்கு ஒரு செப்புக் காப்பு. எண் ஏறினாலும் காப்பு, இறங்கினாலும் காப்பு. அதில் மட்டும் கல் தவறியதே கிடையாது.

கிடாய் வாங்கப் போனால் வாயைப் பிளந்து பல்லை எண்ணிப் பார்க்கிற ஊர் இது. கல்லிடம் மட்டும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

நைரியின் கணவன் ஹெமி ஆட்டுக்கு மயிர் கத்தரிப்பவன். பத்து வயதிலிருந்து இன்சுலின் ஊசியில் ஓடும் உடம்பு. மூன்று வாரத்துக்கு முன், சர்க்கரை இறங்கி, பிடித்த ஆட்டோடு சரிந்தான். ஆடு உடனே எழுந்து போய்விட்டது. இவன் எழ அரைமணி ஆயிற்று.

சர்க்கரையை ஓயாமல் பார்த்துச் சொல்லும் சென்சார், அது சொன்னபடி இன்சுலின் இறக்கும் பம்ப், இரண்டுக்கும் இப்போது அரசாங்கமே செலவு செய்கிறது. ஒன்பது மாதம் காத்திருந்து ஹெமிக்கு முறை வந்தாயிற்று. வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் பொருத்துவார்கள். திங்கட்கிழமைக்குள் "வருகிறேன்" என்று சொல்லாவிட்டால் இடம் அடுத்த ஆளுக்கு.

ஹெமி சொல்ல மறுத்தான்.

"சும்மா குடுக்குற சாமான்ல என்ன இருக்கப் போவுது? அந்தப் பம்ப் உடம்புல உள்ள சக்தியெல்லாம் உறிஞ்சிடுமாம். கிளைவ் சொன்னாரு."

"சும்மாவா? முப்பது வருஷமா நீ கட்டுன வரிய்யா அது! தொண்ணூறு டாலர் வாங்குறவன் சொன்னா வேதம், காசு வாங்காதவன் சொன்னா மோசடியா?"

"அவரு முகத்தக்கூடப் பாக்க மாட்டாரு, நைரி. கைய நீட்டுனா போதும்."

"அப்படியா? அப்ப முகத்த மறைச்சே கேட்டுப் பாப்போம். சரியா சொல்லிட்டா நானே போன் போட்டு வியாழக்கிழமைய வேணாங்குறேன். தப்புனா நீ போறே."

"நானே கைய நீட்டுறேன். அதோட நீ வாய மூடிக்கணும்."

அவர்கள் முறை வந்தது. இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே ஒரு கம்பளிச் சாக்கைத் திரையாகக் கட்டினாள் நைரி. அதில் இரண்டு ஓட்டை. கிளைவ் குனிந்து காசு எண்ணும் நேரத்தில் ஹெமி பின்னால் போய் உட்கார்ந்தான். இரண்டு ஓட்டையிலிருந்தும் கம்பளிச் சட்டைக் கை, நுனியில் தோல் கையுறை, வெளியே நீண்டன.

"உள்ள ரெண்டு பேரு, ஆளுக்கு ஒரு கை. முகம் பாக்காமலே சொல்வீங்களாமே, ஐயா?" என்றாள் நைரி.

நானூறு கண்கள் பார்த்தன. கிளைவ் மறுக்க முடியுமா? சிரித்துக்கொண்டே நூலைப் பிடித்தார். இடதுகைக்கு மேலே கல் சுழன்றது.

"அய்யய்யோ, பதினெட்டு! நாலுக்கும் எட்டுக்கும் நடுவுல இருக்கவேண்டியது! இவரு நம்ம காப்பு போடாதவரு. உடனே இன்சுலின கூட்டிப் போடணும்."

வலதுகைக்கு மேலே கல் அடக்கமாக ஆடியது.

"ஆகா! ஐந்தரை. காப்போட மகிமை. இந்த உடம்பு இன்னும் நாப்பது வருஷம் தாங்கும்."

நைரி சாக்கை அவிழ்த்தாள். இடதுபக்கம் ஹெமி உட்கார்ந்திருந்தான். மடியில் கிடந்த அவனது இன்னொரு கையில் காப்பு மின்னியது. வலதுபக்கத்துச் சட்டைக் கையை அவள் உருவினாள். உள்ளே கசாப்புக்கடை மொரீனிடம் இரவல் வாங்கிவந்த ஆட்டுத்தொடை.

"நேத்து வெட்டுனது. நாப்பது வருஷம் தாங்குமாம், மொரீன்!"

"அடப்பாவி, என்கிட்ட இருந்தா நாலு நாள் தாங்காது!" என்றாள் வரிசையிலிருந்த மொரீன்.

கிளைவ் விடவில்லை. "மாமிசத்துலயும் அதிர்வு..."

"அப்ப அதுக்கும் ஒரு காப்பு மாட்டி விடுய்யா!"

சிரிப்பில் மண்டபம் அதிர்ந்தது. அன்று அங்கே நிஜமாக உண்டான அதிர்வு அது ஒன்றுதான்.

ஹெமி மட்டும் சிரிக்கவில்லை. நெற்றியெல்லாம் வியர்வை. நைரி அவன் விரலில் ஊசி குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைச் சர்க்கரை பார்க்கும் கருவியில் வைத்தாள். மூன்று.

"மூணு! இதுக்கு மேல இன்சுலின் போட்டிருந்தா, இந்தத் தொடைக்கும் உனக்கும் என்னய்யா வித்தியாசம்?"

அவன் வாயில் நான்கு மிட்டாய்களைத் திணித்தாள். அதை மென்றபடியே காப்பைக் கழற்றி மேசையில் வைத்தான். "திங்கக்கிழமை நானே போன் பண்றேன்" என்றான்.

கிளைவ் சமையலறைக் கதவு வழியாகப் போய்விட்டார். கல்லை மறந்துவிட்டுப் போனார், பணப்பெட்டியை மறக்கவில்லை.

கல் சொன்னதை அந்தத் தொடை மறுக்கவில்லை, பாவம், அதற்குத் தலை இல்லை. வரிசையில் நின்ற இருநூறு பேருக்கும் தலை இருந்தது. அதைத் தொப்பி போட மட்டும் வைத்திருந்தார்கள்.

அந்தத் தொடையை ஞாயிற்றுக்கிழமை வாட்டித் தின்றாயிற்று. மொரீனுக்கு ஒரு ஆட்டுத்தொடை இன்னும் பாக்கி.