கதவைத் திறக்காத பூஸ்டர்

காரைக்காலில் பூஸ்டரைப் போலப் பயந்த மனுஷன் அவனுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. கம்பத்தில் ஏறினால் உயரத்துக்குப் பயம், இறங்கினால் நாய்க்குப் பயம், நடுவில் நின்றால் கரண்டுக்குப் பயம். அப்படிப்பட்டவனைத்தான் என் கேபிள் டிவிக்கு லைன்மேனாக வைத்திருந்தேன். சிக்னலைத் தூக்கிவிடும் பூஸ்டர் பெட்டிகளை அவன்தான் பார்த்துக்கொண்டான். பெயரும் அதுவே ஆகிவிட்டது.

நான் ஏழாவதோடு பள்ளியை விட்டவன். ஒரே ஒரு டிஷ்ஷை வைத்துத் தொடங்கி மீனவர் ஊரான காரைக்கால்மேடு வரைக்கும் வயர் இழுத்தவன். ஊரில் பாதிப் பேர் கிரிக்கெட் பார்த்ததே என் தயவில்தான். கேபிள் சட்டத்தை வக்கீல் குமாஸ்தா ஒருவரிடம் கொடுத்துத் தமிழில் எழுத வைத்து, கன்ட்ரோல் ரூம் சுவரில் ஒட்டியவனும் நான்தான். ஒட்டியதோடு சரி, படித்தது பூஸ்டர். படித்த நாளிலிருந்து பயம் இரட்டிப்பானது. கேபிள் தொழிலுக்காகத் தபால் ஆபீசில் பதிந்த எங்கள் சர்டிபிகேட்டின் நகலைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, இடுப்பில் செருகிக்கொண்டுதான் கம்பம் ஏறுவான். எந்த ஜீப் வந்தாலும் எடுத்து நீட்டுவான். ஒருமுறை மாட்டு டாக்டரின் ஜீப்பை நிறுத்திக் காட்டியிருக்கிறான். அவரும் பொறுமையாகப் படித்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினாராம்.

இரண்டாயிரத்து ஏழோ எட்டோ இருக்கும். அப்போது செட்டாப் பாக்ஸ் கிடையாது. முன் எண்களில் வரும் சேனல் பளிச்சென்று தெரியும். கடைசி எண்களில் வருவது புள்ளி புள்ளியாகக் கொட்டும். எந்தச் சேனல் எங்கே என்பது எங்கள் கையில். அரசாங்கச் சேனலை மட்டும் முன்னால் வைத்தே ஆக வேண்டும் என்பது சட்டம்.

எங்களுக்குச் சேனல்களை மொத்தமாகத் தந்தவர் எல்லை தாண்டி, தமிழ்நாட்டுப் பக்கம் இருந்த பெரிய கேபிள்காரர். அவர் புதிதாகப் பாட்டுச் சேனல் தொடங்கினார். அவருடைய ஆள் எனக்குப் போன் செய்தார். அரசாங்கச் சேனலைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் பாட்டை வைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை அந்த ஆளே வந்து பார்ப்பார். மாறாமல் இருந்தால் மொத்த லைனும் கட். எதிர்த்துப் பேசிய ஒருவருடைய வயரை ஊர் நெடுக அறுத்துப் போட்ட கதை எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். மாற்றிவிடு என்று பூஸ்டரிடம் சொன்னேன்.

“அண்ணே, மேட்டுல புயல் சேதிய அதுலதான பாக்குறாங்க. புள்ளி புள்ளியா விழுந்தா எதப் பாத்துட்டு போட்ட கடல்ல எறக்குவாங்க?”

“ரேடியோ இருக்குல்ல?”

“சுனாமிக்கு அப்புறம் மேட்டுல இருக்குற எங்க அக்கா டிவிய அணைக்கிறதே இல்லண்ணே.”

வெள்ளிக்கிழமை காலை வெள்ளைக் கார் வந்தது. நான்கு பேர் இறங்கினார்கள். பூஸ்டர் பார்த்தான், கன்ட்ரோல் ரூமுக்குள் ஓடிக் கதவைத் தாழிட்டான். வீரமெல்லாம் இல்லை, பயத்தில்தான். சேனலை அவன் மாற்றியிருக்கவில்லை. வாசலில் அவர்களும் நானும் மட்டும்.

திறக்கச் சொன்னார்கள். தட்டினேன், திறக்கவில்லை. ஒருவர் கதவை உதைத்தார். அப்போதுதான் உள்ளேயிருந்து குரல் கிளம்பியது. பயம் வந்தால் மற்றவர்கள் சாமி பெயரைச் சொல்வார்கள். பூஸ்டர் சுவரில் இருந்த சட்டத்தை முதல் வரியிலிருந்து வாசித்தான். பிரிவு, உட்பிரிவு, மீறினால் கருவிகள் பறிமுதல், சிறைத் தண்டனை. மூச்சே விடவில்லை. உள்ளே நடுங்கிய குரல் தகரக் கதவுக்கு இந்தப் பக்கம் கோபத்தில் அதிர்வது போலக் கேட்டது.

போன் செய்த ஆளின் முகம் மாறியது. “உள்ள யாருங்க? பாண்டிச்சேரியிலேருந்து ஆபீசர் வந்துருக்காரா?”

வாழ்நாளில் வாயை மூடியறியாத நான், அன்று மூடிக்கொண்டு தலையைக் குனிந்தேன். பாண்டிச்சேரி அரசுக்குக் கீழே இருக்கும் எங்கள் ஊரில் எந்த அதிகாரிக்கு எவ்வளவு அதிகாரம் என்பது எல்லை தாண்டி வருகிறவர்களுக்கு என்றைக்கும் விளங்கியதில்லை. “முன்னாடியே சொல்லக் கூடாதாங்க,” என்று அடிக்குரலில் கடிந்துகொண்டு காரில் ஏறினார். அதற்கப்புறம் அவர்கள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

கார் போய் நெடுநேரம் கழித்துக் கதவு திறந்தது. பூஸ்டரின் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. அவனுக்குப் பின்னால் டிவியில் மீனவர்களுக்கான செய்தி பளிச்சென்று ஓடிக்கொண்டிருந்தது.

“எனக்கு வேல போச்சாண்ணே?”

அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். நடுக்கம் அடங்கட்டும் என்று வெகுநேரம் விடவில்லை. அதில் என் நடுக்கமும் இருந்தது.