பறையில் தண்ணீர் ஊற்றிய மனித உரிமைக்காரன்

காளவாசல்,
மதுரை.

மதிப்பிற்குரிய மச்சான் முத்திருளன் அவர்களுக்கு, உங்கள் தங்கை வீட்டுக்காரன் அழகுராஜா வணக்கத்தோடு எழுதுவது. இங்கு நானும், பாண்டீஸ்வரியும், உங்கள் வீட்டின் கீழ்த்தளமும் மேல்தளமும் நலம். திருப்பூரில் உங்கள் முழங்கால் வலியும் செருப்புக்கடையும் முறையே குறைந்தும் வளர்ந்தும் வர மீனாட்சி துணை நிற்பாளாக.

வெட்கத்தை விட்டு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எதிர்வீட்டு சிவக்குமார் உங்களுக்கு அனுப்பிய வீடியோவில், மொட்டை மாடியில், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, புகைக்கு நடுவே, சித்திரை வெயிலில் தார்ரோட்டில் செருப்பில்லாமல் மாட்டிக்கொண்டவன் மாதிரி குதிக்கிறதே ஒரு தொப்பை, அது என்னுடையது. நேற்று போனில் நீங்கள், "எவன்டா அந்தக் குடிகாரப்பய?" என்றபோது, "தெரியலையே மச்சான், காலம் கெட்டுக்கிடக்கு" என்றேன். மன்னிக்கவும். குடிக்கவில்லை.

விஷயம் எங்கே ஆரம்பித்தது என்றால், என் வண்டியில். ஹெல்மெட் போட்டால் எனக்குத் தலை அரிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். காளவாசல் சிக்னலில் போலீஸ் கையைக் காட்டாமல் இருக்க ஒரு நண்பர் வழி சொன்னார். ஏதோ ஒரு மனித உரிமைச் சங்கத்தில் சந்தா கட்டினேன். அடையாள அட்டை, அட்டைப்பெட்டி நிறைய விசிட்டிங் கார்டு, வண்டிக்கு முன்னால் சிவப்பு எழுத்தில் 'மனித உரிமை' ஸ்டிக்கர், எல்லாம் வந்தன. மனிதனும் தெரியாது, உரிமையும் தெரியாது. என் தலைமுடியின் உரிமைக்காக மட்டும் போராடிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் உங்கள் உத்தரவு வந்தது. மாடியில் குடியிருக்கும் நாகஜோதி பறை அடிக்கிறாள், மத்தியானம் மூன்று மணிக்குக் கண்ணயர முடியவில்லை என்று சிவக்குமார் உங்களிடம் புலம்ப, "சாவுக்கு அடிக்கிற தோல் சாமானை என் வீட்டுக்குள்ள வச்சிருக்கக் கூடாது, தைக்குள்ள காலி பண்ணச் சொல்லுங்க மாப்ள" என்றீர்கள். நான் போய்ச் சொன்னேன். கல்நெஞ்சுக்காரன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, படியில் பாதி ஏறி, அங்கிருந்தே சொன்னேன். அந்தப் பெண் அழவில்லை, சண்டை போடவில்லை. மறுநாள் காலையில் கீழே இறங்கி வந்து என் கையில் ஒரு மனுவைக் கொடுத்தாள்.

"என்னம்மா இது?"

"மனித உரிமை மீறல்ணே. நீங்கதான் விசாரிக்கணும்."

"யார் மேல?"

"உங்க மேலதாண்ணே. வண்டியில ஒட்டியிருக்கீங்கள்ல."

பாண்டீஸ்வரி அடுப்படியிலிருந்து, "விசாரிங்க, விசாரிங்க, நானும் உக்காந்து பாக்குறேன்" என்றாள். விசாரணை நடந்தது. குற்றவாளியும் நான், நீதிபதியும் நான். நாற்காலி மாறி மாறி உட்கார்ந்ததில் இடுப்புப் பிடித்துக்கொண்டது. சிவக்குமார் சாட்சிக்கு வந்து, "தூங்குறது என் உரிமைண்ணே" என்றான். பாண்டீஸ்வரி விடவில்லை. "உம் மகளுக்குக் காது குத்துனப்ப தெரு முக்கு வரைக்கும் ஸ்பீக்கர் கட்டுனியே தம்பி, அப்ப எங்களுக்கெல்லாம் காது இருந்துச்சா, இல்ல அதையும் குத்திட்டியா?" என்றாள். அவன் காபியைக் குடிக்காமலேயே போய்விட்டான்.

நாகஜோதி கடைசியாக ஒன்று சொன்னாள் மச்சான். "எங்க தாத்தா மாட்டேன்னு சொல்ல முடியாம அடிச்சாருண்ணே. கூப்பிட்டா போகணும், கொடுத்ததை வாங்கணும். நான் எனக்குப் பிடிச்சு அடிக்கிறேன். அப்ப அடிச்சே ஆகணும்னாங்க, இப்ப அடிக்கக் கூடாதுங்கிறாங்க. எங்களுக்குன்னு எப்பண்ணே?" தீர்ப்பை ஒத்திவைத்தேன். நீதிபதிகள் அப்படித்தானே செய்கிறார்கள்.

டிசம்பர் பத்து, மனித உரிமை நாள். டி. கல்லுப்பட்டியில் சாயங்காலம் விழா, நாகஜோதியின் குழு அதில் வாசிக்க வேண்டும். அதற்காக, தான் வேலை பார்க்கும் லேபில் அரை நாள் லீவு போட்டிருந்தாள். இது எதுவும் எனக்குத் தெரியாது. மத்தியானம் கடையிலிருந்து சாப்பிட வந்தால், மாடியிலிருந்து புகை வருகிறது. உங்கள் வீடு எரிகிறது என்று அலறிக்கொண்டு, வாளித் தண்ணீரோடு ஏறி, நெருப்பில் மட்டுமல்ல, அதைச் சுற்றிச் சாய்த்து வைத்திருந்த அத்தனை பறையின் மேலும் ஊற்றிவிட்டேன். அடிப்பதற்கு முன்னால் தோலை நெருப்பில் காட்டினால்தான் இறுகி, கணீரென்று பேசுமாம்! யாருக்குத் தெரியும்? நாகஜோதி ஒன்றை எடுத்துத் தட்டினாள். ஈர மெத்தையைத் தட்டின மாதிரி சத்தம். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மனித உரிமை நாளில் மனித உரிமைக்காரன் செய்த மனித உரிமைப் பணி அது.

வேன் வருவதற்குள் காய்ந்தாக வேண்டும். துடைத்துப் பார்த்தோம், போதவில்லை. வைக்கோல் தீர்ந்துவிட்டது, வீட்டில் பழைய பேப்பரும் இல்லை. கீழே ஓடி அட்டைப்பெட்டியைத் தூக்கி வந்தேன். 'அழகுராஜா, மாவட்டத் துணைச் செயலாளர்' என்ற அத்தனை கார்டையும் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டேன். நல்ல வழவழப்பான கார்டு, நின்று எரிந்தது. தோல் மெல்ல இறுகியது. நாகஜோதி மறுபடி தட்டினாள். கணீர்! அந்தச் சத்தம் என் உள்ளங்காலில் ஏறியது மச்சான். அப்புறம் நடந்ததைத்தான் சிவக்குமார் எடுத்துவிட்டான்.

விழா அமோகமாக நடந்தது. தீர்ப்பையும் அன்றே சொல்லிவிட்டேன்: குற்றவாளிக்கு, அதாவது எனக்கு, கடும் எச்சரிக்கை. நேற்று நீங்களும் போனில், "தங்கச்சி இம்புட்டுச் சொல்லுது, அந்தப் புள்ள இருந்துட்டுப் போகட்டும்" என்றதும்தான் எனக்கு மூச்சே வந்தது. தோல் சாமான் வீட்டுக்குள் ஆகாது என்றவர், தோல் செருப்பு விற்றுத்தான் இந்த வீட்டைக் கட்டினீர்கள் என்பதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை, எழுதத்தான் செய்கிறேன். ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டேன். ஹெல்மெட் வாங்கிவிட்டேன். அரிக்கிறது, ஆனால் நிம்மதியாக இருக்கிறது.

அக்காவுக்கு எங்கள் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி.

உங்கள் அன்பு மாப்பிள்ளை,
அழகுராஜா

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போதுதான் ஒன்று உறைத்தது. அந்த அரை நாள் லீவைத் தவிர, நாகஜோதி தினமும் சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் லேபில்தான் இருப்பாள். மத்தியானம் மூன்று மணிக்கு நான் கடையில், சிவக்குமார் கட்டிலில். மாடிச் சாவி இன்னொன்று உங்கள் தங்கச்சியின் இடுப்பில். கையை விரித்துக் காட்டச் சொன்னேன். உள்ளங்கை காய்த்துப் போயிருக்கிறது.