ஐயாயிரம் ரூபாய் நீலப் பனியன்

திருப்பூர்,
டிசம்பர் 2007

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை தரணீதரன் அவர்களுக்கு மாமனார் திருமூர்த்தி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் உங்கள் அத்தையும் தையல் மெஷின்களும் சுகம். பெங்களூரில் தாங்களும் தேஜஸ்ரீயும் சுகமாயிருக்க அவிநாசியப்பர் அருளட்டும்.

போன முறை வந்தபோது நம் பனியன்களை விற்க இன்டர்நெட் சந்தையில் ஒரு கடை போட்டுக் கொடுத்தீர்கள். கடை நல்ல கடைதான். ஆனால் சந்தைக்காரர்கள் படம் மாட்ட ஒரு கட்டணம், விற்றால் ஒரு கட்டணம் வாங்குகிறார்கள். சரக்கு தீர்ந்து படம் இறங்கிவிட்டால் மறுபடி மாட்டவும் கட்டணம். இதற்கு நம் காதர்பேட்டை பனியன் சந்தை முறையில் ஒரு வழி கண்டேன். அங்கே எந்த வியாபாரியும் கடையில் உட்கார்ந்துகொண்டு 'இல்லை' என்று சொல்லமாட்டான், லட்சுமி கோபித்துக்கொள்வாள். சரக்கு தீர்ந்திருந்தால் தலை சுற்றுகிற விலையாக ஒன்றைச் சொல்வோம். வந்தவர் புரிந்துகொண்டு, டீ குடித்துவிட்டு, அடுத்த கடைக்குப் போவார். அந்தப்படி, காலர் வைத்த நீலப் பனியன் தீர்ந்ததும் இருப்பு ஒன்று, விலை ஐயாயிரம் என்று போட்டுவைத்தேன். படமும் இறங்காது, கட்டணமும் மிச்சம்.

"ஏனுங்க, ஐயாயிரத்துக்கு ரெண்டு ஆடு வாங்கிக் கட்டலாமுங்களே, பனியன ஆருங்க வாங்குவாங்க?" என்றாள் உங்கள் அத்தை.

"ஆரும் வாங்கக் கூடாதுன்னுதான் புள்ள போட்டிருக்கறேன்" என்றேன்.

நேற்று வாங்கிவிட்டார்கள். பெங்களூர் ஆசாமி, பெயர் ராவ். பணமும் கட்டிவிட்டார். இன்டர்நெட்டில் டீ கொடுக்க வழியில்லாததால் வருகிறவர்களுக்கு நாசூக்கு புரிவதில்லை போலிருக்கிறது. அனுப்பத் தவறினால் ஐயாயிரத்துக்கு உண்டான கட்டணத்தையும் பிடித்துக்கொண்டு கடைக்கும் பூட்டுப் போடுவார்களாம். புதிதாகத் தைக்கலாமென்றால், அந்த நீலத்தில் சாயம் போடக் குறைந்தது நூறு கிலோ துணி வேண்டும் என்கிறார் பட்டறைக்காரர். குடோனைக் கவிழ்த்துப் பார்த்தாயிற்று. இப்போது உலகத்தில் மிச்சமிருக்கும் ஒரே நீலப் பனியன், தலைதீபாவளிக்கு நாங்கள் தங்களுக்கு வைத்துக் கொடுத்தது.

எழுதக் கை கூசுகிறது. "மாப்பிள்ளைக்கு வெச்ச துணியத் திருப்பிக் கேக்கற மாமனாரு கொங்கு நாட்டுலயே நீங்க ஒருத்தருதானுங்க" என்று அத்தை சமையலறையிலிருந்து சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறாள். ஆனாலும் கேட்கிறேன். பிரிக்காமல் வைத்திருந்தால் தயவுசெய்து ராவிடம் சேர்த்துவிடுங்கள். உள்ளூர்தானே, கூரியர் செலவும் மிச்சம். உடுத்தியிருந்தால் வேண்டாம், உடுத்திய துணியை விற்கிற குடும்பமல்ல நம்முடையது. பதிலுக்குப் பொங்கலுக்கு இரண்டு பனியன் தருகிறேன், எந்த நிறம் மிஞ்சுகிறதோ அந்த நிறத்தில்.

தேஜஸ்ரீக்கு எங்கள் ஆசிகள். சம்பந்தி வீட்டாருக்கு வணக்கம் சொல்லவும். கடிதத்தைக் காட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
திருமூர்த்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது தேஜஸ்ரீ போன் செய்தாள். தீபாவளிப் பனியன் இஸ்திரிப் பெட்டியில் தீய்ந்துபோயிற்றாம். பொங்கலுக்கு வரும்போது நாங்கள் கேட்போமே என்று பயந்து, தாங்கள்தான் ஆபீஸ் சிநேகிதர் ராவ் பெயரில் அதே பனியனை வாங்கினீர்களாம். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள். வாங்கியவரே வேண்டாமென்றால் கட்டணம் கிடையாதாம். அப்படியே ராவை எழுதச் சொல்லுங்கள். வாங்கியது மாப்பிள்ளையாகப் போய்விட்டதால், இத்தனை வருட வியாபாரத்தில் முதல் தடவையாகச் சொல்கிறேன்: சரக்கு இல்லீங்க.