ஒன்பது நாள் ஈஸ்ட்

கடிகாரக்காரர் ஆறு மணிக்கு எழுந்தார். பல் தேய்த்தார். முகம் கழுவினார். மாத்திரை எடுக்க அலமாரியைத் திறந்தார். நேற்றோடு தீர்ந்திருக்க வேண்டிய முப்பது மாத்திரை அட்டையில் ஒன்பது அப்படியே இருந்தன.

மாத்திரைக்குள் இருப்பது ஈஸ்ட். அது குடலில் குடியேறி, அங்கே கிடைப்பதைத் தின்னப் பழகுகிறதா என்று மைத்துனி மூன்று வருடமாக ஆராய்கிறாள். இன்று காலை அவருடைய மலம் ஒரு டப்பாவில் ஆய்வுக்கூடம் போய்ச் சேர வேண்டும்.

"ஒருத்தர் ஏமாத்தினாலும் என் பட்டம் போச்சு மாமா. அதான் நம்பிக்கையா உங்களைச் சேர்த்தேன்" என்று அன்றே சொல்லியிருந்தாள்.

ஒன்பதையும் ஒரே மடக்கில் விழுங்கினார். பத்தாவது நிமிடம் வயிறு இரைந்தது.

"என்னங்க, உள்ள யாரு மோட்டார் போட்டது?" என்றாள் மனைவி.

"ஈஸ்ட்டு குடியேறுது."

"வாடகை பேசியாச்சா?"

அதற்குள் குடியேறியிருக்குமா? சந்தேகம் அரித்தது. ரொட்டிக்கு வாங்கி வைத்திருந்த ஈஸ்ட்டில் அரை ஸ்பூன் எடுத்து டப்பாவில் கலந்து கொடுத்துவிட்டு வந்தார்.

இரண்டு நாள் கழித்து மைத்துனி போன் செய்தாள்.

"மாமா, உங்க ஈஸ்ட்டு மட்டும் கொஞ்சம்கூட மாறல. இப்பதான் பாக்கெட்டைப் பிரிச்ச மாதிரி சர்க்கரையையே தேடுது. நாளைக்கு இன்னொரு டப்பா குடுங்க."

"நாளைக்கேவா?"

"ஏன், ஸ்டாக் இல்லையா?"

ஒரே நாளில் ஈஸ்ட்டைத் திருத்தியாக வேண்டும். குடலில் இருட்டு, உடம்புச் சூடு, காற்றில்லை. மீந்த சூப்போடு ரொட்டி ஈஸ்ட்டைப் பாட்டிலில் அடைத்து, இறுக மூடி, சட்டைக்குள் இடுப்பில் கட்டிக்கொண்டு கடைக்குப் போனார். அவ்வப்போது தட்டிக்கொடுத்தார். மதியம் மூடி பறந்தது. பழுதுக்கு வந்த சுவர்க்கடிகாரத்தின் முகமெல்லாம் நுரை.

"ரிப்பேருக்குத்தானே குடுத்தேன்? யாரு குளிப்பாட்டச் சொன்னது?" என்றார் அதன் சொந்தக்காரர்.

மறுநாள் வெறுங்கையோடு ஆய்வுக்கூடம் போனார். உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு. டப்பா வாங்கும் அம்மாள் அவரைக் கண்டதும் எழுந்து ஓடி வந்தாள்.

"அம்மா, நான் ஒரு தப்பு..."

"அதெல்லாம் அப்புறம் சார், சீக்கிரம் உள்ள வாங்க! பாதிப் பேருக்குத்தான் நிஜ மாத்திரை, மீதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எதுன்னு எழுதி ஒட்டி வச்சிருந்த உறையை நேத்து சாயங்காலம்தான் பிரிச்சாங்க."

"எனக்கு?"

"முப்பதும் மாவுதான் சார். உங்க வயித்துல தானா முளைச்ச ஈஸ்ட்டைப் பார்க்க வெளியூர்லேருந்து ஏழு டாக்டருங்க வந்திருக்காங்க, உங்க மச்சினி சந்தோஷத்துல அழுதுட்டிருக்காங்க!"