சீமை எலிக்குப் பலித்த செம்பு

வைத்தியர்களில் பல ஜாதி உண்டு. நாடி பிடிக்கிறவர், ஊசி குத்துகிறவர், விபூதி போடுகிறவர். இவர்கள் எல்லாரையும்விட அபாயமான, ஆனால் ஒரு தம்படி வாங்காத இன்னொரு ஜாதி இருக்கிறது: கத்தரிக்கோல் வைத்தியர். இவர் படிப்பு முழுக்கப் பத்திரிகைப் படிப்பு. அதிலும் தலைப்பும் அதன் கீழ் நாலு வரியும்தான். சேதியின் மிச்சம் ஐந்தாம் பக்கத்துக்குப் போய்விட்டால், அதற்கும் இவருக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. நாலு வரியை நறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, எவன் தும்முவான் என்று காத்திருப்பார். பார்த்ததில்லையா? பட்டாபிராமிலிருந்து சென்ட்ரல் போகிற காலை ரயிலில் ஏறி ஒரு தரம் இருமிப் பாருங்கள்.

திருமுல்லைவாயில் ஜானகிராமன் இந்த ஜாதியில் முதல் தரம். பட்டணத்துக் கம்பெனி ஒன்றில் குமாஸ்தா. ஞாபகசக்திக்கு வெண்டைக்காய் என்று படித்து, வீடு முழுவதையும் ஒரு மாசம் வழுவழுவென்று சாப்பிட வைத்தவர். ஆனால் மனுஷர் நல்லவர். தெருவில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் அவருக்குத் தூக்கம் வராது. அதுதான் தொல்லை.

யுத்தம் முடிந்த மறுவருஷம் அந்தச் சேதி வந்தது. சீமையில் ஏதோ ஓர் ஆராய்ச்சிச்சாலையில் எலிகளுக்குச் சாயம் கலந்த தீனி போட்டு ஈரலில் புற்று வரவழைத்தார்களாம். தீனியோடு துளி தாமிர உப்பும் சேர்த்த எலிகளில் பலவற்றுக்குப் புற்று வரவில்லையாம். ஜானகிராமனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. தாமிரம் என்றால் செம்பு. செம்பு என்றால் நம் வீட்டுக் குண்டான்! அன்று சாயங்காலமே, வாசலில் வந்து நின்ற ஈயம் பூசுகிறவரைத் துரத்தினார்.

"இன்னாங்க இது?" என்றாள் மனைவி சொர்ணம். "ஈயம் பூசாத குண்டான்ல புளிக்கொயம்பு வெச்சா பச்சைக் களிம்பு ஏறி வெசமாவும். அது கொயந்தைக்குக்கூடத் தெரியும்."

"எலிக்குத் தெரிஞ்சது உனக்குத் தெரியல. களிம்புதாண்டி மருந்து!"

சொர்ணம் அவருக்குக் குண்டானிலும் தனக்கு மண்சட்டியிலுமாக இரண்டு குழம்பு வைத்தாள்.

இதோடு நின்றிருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் எதிர்வீட்டுப் பூங்காவனத்துக்குக் கழுத்தோரம் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி இருந்தது. திங்கட்கிழமை பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போவதாக அவள் புருஷன் சின்னப்பையன் வண்டிமாட்டுக்கு லாடம்கூட அடித்து வைத்திருந்தான்.

"அறுப்பாங்கம்மா!" என்று குறுக்கே விழுந்தார் ஜானகிராமன். "எலிக்கே கத்தி வேணாம்னு ஆயிடுச்சு. உனக்கு எதுக்கு?"

"மெய்யாவா அண்ணாத்தே?" என்றாள் பூங்காவனம். கத்தி என்றாலே நடுங்குகிறவள், கண்ணில் நீர் வர அவரைக் கும்பிட்டாள். அந்தக் கும்பிடு அவருக்கு எவ்வளவு இனித்தது தெரியுமா? அன்றிலிருந்து குண்டான் குழம்பில் பாதி எதிர்வீட்டுக்குப் போனது. நெல்லிக்காய் எலுமிச்சங்காய் ஆனது. அவரோ தினமும் எட்டிப் பார்த்து, "கரையுது பாரு" என்றார். எனக்குக் கோபம் வருவது அந்த இடத்தில்தான்.

ஒன்றரை மாசம் ஓடியது. ஒரு நாள், முந்தின நாள் குழம்பு குண்டானிலேயே தங்கிப் பச்சை பூத்திருந்தது. மருந்து முற்றியிருக்கிறது என்று மகிழ்ந்து, சொர்ணம் பார்ப்பதற்குள் தாமே ஊற்றிக் கொடுத்துத் தாமும் உண்டார். ஒரு மணி நேரத்தில் இரண்டு வீட்டிலும் வாந்தி. குடல் வாய்க்கு வந்துவிட்டது. சின்னப்பையன் இருவரையும் வண்டியில் போட்டு ரயிலேற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தான்.

வாந்தி நின்றதும் டாக்டர் பூங்காவனத்தின் கழுத்தைப் பார்த்தார். "இது எத்தனை நாளா?"

"ரெண்டு மாசமா கீது சாமி. இவருதான் எலி வைத்தியம் பார்த்தாரு."

ஜானகிராமன் நறுக்கை நீட்டினார். டாக்டர் படித்தார். "இதுக்குக் கீழே இருந்தது எங்கே?"

"கீழே ஒண்ணும் இல்லீங்களே."

"இருந்தது. அளவு மீறினால் விஷம், மனுஷருக்குப் பலிக்குமான்னு இன்னும் தெரியாதுன்னு இருந்தது. நானும் படிச்சேன்."

கட்டியை அறுத்தார்கள். புற்றின் ஆரம்பம். இன்னும் இரண்டு மாசம் விட்டிருந்தால் ஆளே இல்லை என்று டாக்டர் சின்னப்பையனிடம் சொன்னபோது, ஜானகிராமன் தாழ்வாரத்து மூலையில் நின்று துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். நிஜமாகவே அழுதார். மூன்று நாள் பத்திரிகையைத் தொடவில்லை.

நாலாம் நாள் ரயிலில் யாரோ இருமினார்கள்.

"செம்பு துன்னதாலதான் வாந்தி," என்று விரலை மடக்கினார் ஜானகிராமன். "வாந்தியாலதான் ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரி போனதாலதான் எதிரூட்டம்மா பொயச்சுது. அப்போ பொயைக்க வெச்சது எது?"

பெட்டி முழுவதும் தலையாட்டியது. ஒருவர் காகிதம் எடுத்துக் குறித்துக்கொண்டார்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் கதை பாதியில் இருக்கும்போதே, "செம்புக்கும் புளிக்கும் ஆகாதாம், கேட்டியா?" என்று அடுக்களைப் பக்கம் குரல் கொடுத்தீர்களே, அது யார்?